கமெராவைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும் தங்கச்சிக்கு

தங்கச்சி, கமெரா வாங்குவதற்காகச் சீட்டை முன்கூட்டியே எடுக்கப் போகிறாய் என்று அம்மா சொன்னார். கொஞ்சம் பொறு. உன் கையில் இருக்கிற போன் இன்னும் ஒரு வருஷத்துக்குத் தாராளமாகப் போதும். அந்தக் காசில் கொஞ்சத்தை ஒரு நல்ல வெளிக்களச் செயலமர்வுக்குக் கட்டு. வீடியோ பார்த்துப் படிப்பதில் குற்றமில்லை, நானும் பார்க்கிறேன். ஆனால் வீடியோவில் பேசுகிறவர் உன் படத்தைப் பார்க்க மாட்டார். பனிக்குள் நின்று நீ எடுத்ததை அந்த இடத்திலேயே ஒருவர் வாங்கிப் பார்த்து, "ரெண்டு அடி கீழ இறங்கி, அந்தக் கரண்டுக் கம்பத்த மறைச்சு எடும்மா" என்று சொல்ல வேண்டும். நீ இறங்கி மறுபடி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் படித்தது மறக்காது. செயலமர்வுக்குக் கொடுக்கிற காசு அதற்குத்தான். மண்டபத்துக்கும் சான்றிதழுக்கும் அல்ல.

ஆகவே பெயர் பதியுமுன் போன் எடுத்துக் கேள், வெட்கப்படாதே. ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர்? பன்னிரண்டுக்கு மேல் என்றால் உன் முறை வருவதற்குள் வெளிச்சம் போய்விடும். வெளியே எத்தனை மணித்தியாலம்? எடுத்த படங்களை அன்றைக்கே எல்லாரும் சேர்ந்து பார்த்துப் பேசுவார்களா? போனோடு வந்தால் சேர்ப்பார்களா? தமிழில் கேட்டால் தமிழில் பதில் வருமா? கடைசிக் கேள்வியைச் சின்னதாக நினைக்காதே. ஷட்டர், அபேர்ச்சர், ஐஎஸ்ஓ எல்லாம் எந்த மொழியிலும் அதே பெயர்தான், அதற்கு மொழி வேண்டாம். உன் படம் ஏன் சப்பென்று இருக்கிறது என்பதை விளக்கத்தான் மொழி வேண்டும்.

இன்னும் இரண்டு கேள்வி உண்டு, அவற்றை ஆண்பிள்ளைகள் கேட்க மாட்டார்கள், நீ கேள். போகிற இடத்தில் கழிப்பறை இருக்கிறதா? எத்தனை மணிக்கு முடியும்? அந்தி வெளிச்சத்தில் எடுக்கலாம் என்று ஆறரை வரை வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு பெரகலைச் சந்தியில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருப்பது நீதான். திரும்பி வரும் வழி உறுதியாகத் தெரியாமல் போகாதே.

இப்படி வெளியில் வைத்துச் சொல்லிக்கொடுப்பது புதுப் பழக்கமும் அல்ல. அமெரிக்காவில் அன்செல் அடம்ஸ் 1940ஆம் ஆண்டே யோசமிட்டிப் பள்ளத்தாக்கில் செயலமர்வு நடத்தினார். 1955 முதல் 1981 வரை அங்கே வருஷா வருஷம் நடத்தினார். உலகமே கொண்டாடிய ஆள், மாணவர்களைப் பாறைக்கும் ஆற்றுக்கும் முன்னால் கொண்டுபோய் நிறுத்தித்தான் சொல்லிக்கொடுத்தார். நமக்கு இன்னும் கிட்டத்தில் ஒருவர் இருக்கிறார். மதுரைக்காரரான எம். பழனி குமார், பாரி இணைய இதழின் புகைப்படக் கலைஞர், 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். உழைக்கிற சனங்களின் பிள்ளைகளிடம் கமெராவைக் கொடுத்து, அவரவர் தெருவையும் வீட்டையும் எடுக்கச் சொல்லிப் பழக்குகிறவர். வெளியிலிருந்து வருகிறவர் கண்ணில் படாததை அந்தத் தெருப் பிள்ளை எடுத்துவிடும் என்பதுதான் அதில் விஷயம். நீ லிப்டன் சீட்டில் ஏறி நின்று எடுக்கிற படத்தை ஏற்கெனவே ஆயிரம் பேர் எடுத்திருக்கிறார்கள். நம் லயத்துக் கோடியிலிருந்து தெரிகிற மலையை யார் எடுத்தார்கள்?

நம் ஊர் வெளிச்சம்

வெளிநாட்டுப் புத்தகங்களில் விடிந்து ஒரு மணித்தியாலம் பொன் வெளிச்சம் என்று எழுதியிருக்கும். அதை நம்பிப் போர்வைக்குள் கிடக்காதே. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம், சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக ஏறும். ஜூன் மாதம் லண்டனில் ஒரு மணித்தியாலத்தில் ஏறுவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம் இங்கே ஏறிவிடும். வருஷம் முழுக்க நமக்கு விடிவது ஏறக்குறைய 5.50க்கும் 6.30க்கும் நடுவில். விடிந்து அரை மணித்தியாலம்தான் முகத்துக்கு நல்ல வெளிச்சம், எட்டு மணிக்கெல்லாம் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழத் தொடங்கிவிடும். ஒன்பது மணிக்கு ஆரம்பிக்கிற செயலமர்வு என்றால் அது தேத்தண்ணியோடு ஆரம்பிக்கிற செயலமர்வு, வெளிச்சத்தோடு அல்ல.

இன்னொன்று, இதை எந்த ஆசிரியரும் உனக்குச் சொல்ல மாட்டார், ஏனென்றால் அவர் ஹல்துமுல்லைக்காரர் இல்லை. நம் சரிவு தெற்கைப் பார்த்தது. டிசம்பரில் சூரியன் தென்கிழக்கில் உதிக்கும், முதல் வெளிச்சம் நேரே தேயிலையில் விழும். ஜூனில் வடகிழக்கில் உதிக்கும், பின்னாலிருக்கிற மலைமுகடு மறைக்கும். அந்த மாதங்களில் நம் பக்கத்தில் பல இடங்களுக்கு வெயில் வந்து சேரவே நேரமெடுக்கும். காலையில் கீழே உடவளவைப் பக்கம் முழுக்க வெள்ளையாக மூடிக்கிடக்க, நாம் மேலே வெயிலில் நிற்போமே, அந்தப் பனி பெரும்பாலும் ஒன்பது, பத்து மணிக்குள் கலைந்து மேலே ஏறி நம்மையே மூடிவிடும். லிப்டன் சீட்டுக்கும் இதே கதை. பத்து மணிக்கு வேனில் வந்து இறங்குகிற சுற்றுலாக்காரர் பனியைத்தான் பார்த்துவிட்டுப் போகிறார், பாவம்.

மழை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பலமாக இருக்கும். ஜூலை, ஓகஸ்டில் வறட்சியும் கச்சான் காற்றும். ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தருகிற காற்று அதுதான், படம் எடுக்கிறவளுக்கோ அது எதிரி. ட்ரைபொட்டின் நடுத்தண்டை உயர்த்தாதே, காலைக் குட்டையாக்கி, பையைக் கீழே தொங்கவிடு. இலை ஆடாமல் வேண்டுமென்றால் ஷட்டர் 500இல் ஒரு செக்கனுக்குக் குறையக் கூடாது.

பனிக்குள் படம் எடுக்கிற விதம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நம் ஊரில் படம் கெடுகிற முதல் இடம் இதுதான்.

பனிமூட்டத்தை எடுத்தால் படத்தில் அழுக்குச் சாம்பல் நிறமாக வருகிறது என்கிறாய் அல்லவா? போனில் கோளாறு இல்லை. கமெராவுக்குள் இருக்கிற ஒளிமானி, முன்னால் என்ன இருந்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொள்ளும். வெள்ளைப் பனியைக் காட்டினால், அடடா வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்துக் குறைத்துவிடும். நீதான் கூட்ட வேண்டும். போனில் திரையைத் தொட்டால் பக்கத்தில் ஒரு சூரியன் அடையாளம் வரும், அதை மேலே இழு. கமெராவில் கூட்டல் முக்கால் முதல் கூட்டல் ஒன்று வரை வை. பனி வெளுத்து, அதற்குள் சவுக்கு மரம் மங்கலாக நிற்கும். கூட்டினது போதுமா என்று திரையை நம்பாதே, வெயிலில் திரை பொய் சொல்லும். ஹிஸ்டோகிராம் என்று ஒரு மலைப்படம் வருமே, அது வலது பக்கச் சுவரில் முட்டாமல், பக்கத்தில் வந்து நின்றால் சரி.

ஆள் பனிக்கு முன்னால் நின்றால் வேறு கணக்கு. முகத்தைத் தொட்டு அளவு எடு, வானத்தைத் தொடாதே. வானத்தைத் தொட்டால் நம் சனத்தின் முகம் கரிக்கட்டையாகிவிடும். அந்தக் கறுப்பு உருவம்தான் வேண்டும் என்றால் தொடு, தப்பில்லை. ஆனால் தெரிந்து தொடு.

பனிக்குள் தூரத்து மலை காணாமல் போய்விட்டதே என்று கவலைப்படாமல் கிட்டே போ. குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு தேயிலைச் செடியை மட்டும் பார். கொழுந்தின் நுனிச்சுருளில் ஒரு துளி நிற்கும். அதற்குக் கீழே இருக்கிற இலையின் முதுகில் நரம்பு நரம்பாகத் தண்ணீர் ஓடியிருக்கும். முற்றல் இலையின் ஓரத்தில் சின்னச் சின்னப் பல், அந்தப் பல்லிலெல்லாம் ஒவ்வொரு பொட்டு. போனை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, துளியைத் தொட்டு, மூச்சை விட்டு முடித்த பிறகு அழுத்து. ஒரே செடியை நின்றபடி, உட்கார்ந்தபடி, மலையின் மேல்பக்கமிருந்து, கீழ்ப்பக்கமிருந்து என்று இருபது விதமாக எடு. எதையும் அழிக்காதே. நல்ல ஆசிரியர்கள் கொடுக்கிற முதல் பயிற்சி அநேகமாக இதுபோலத்தான் இருக்கும், சலிப்பாக இருக்கும், செய்.

வெயில் ஏறினால் தேயிலை இலை கண்ணாடி மாதிரி மினுங்கும், பச்சையே தெரியாது. போலரைசர் என்ற கண்ணாடி வில்லை அதைப் போக்கும். அதை வாங்க வேண்டாம், மாமாவின் போலரைஸ்டு கூலிங் கிளாஸை வாங்கி, போன் லென்ஸுக்கு முன்னால் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பார். ஒரு கோணத்தில் மினுக்கம் விழுந்து பச்சை வரும்.

அருவிக்கு இரண்டு வரி போதும். நாட்டிலேயே உயரமான பம்பரகந்தை, 263 மீற்றர், நம் பிரதேசத்திலேயே இருக்கிறது. கொஸ்லந்தைப் பக்கம் தியலும 220 மீற்றர். தண்ணீர் பஞ்சு போல வர அரை செக்கன் ஷட்டர், அதற்கு ட்ரைபொட், மப்பான நாள். அருவியின் உயரம் தெரிய வேண்டுமானால் அடிவாரத்தில் ஒரு ஆளை நிறுத்து. தியலுமவின் மேலே இருக்கிற தடாகங்களின் விளிம்புக்கு, யார் கூப்பிட்டாலும், எந்தப் படத்துக்காகவும் போகாதே. பாறை வழுக்கும்.

ஆட்களை எடுக்கும்போது

செயலமர்வில் எப்படியும் ஒரு நாள் கொழுந்தெடுக்கிற பெண்களிடம் கூட்டிப் போவார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் தலைக்கயிறு, கூடை, சிரிப்பு என்று எடுத்துக் குவிப்பார்கள். நீ கொஞ்சம் தள்ளி நில். அவர்களுக்குக் கிலோக் கணக்கு இருக்கிறது. நின்று சிரிக்கச் சொல்கிற ஐந்து நிமிஷம் அவர்கள் கூலியிலிருந்து போகிறது, இது உனக்குத் தெரியும், கூட வந்தவர்களுக்குத் தெரியாது. தெரியாதவர்களுக்கு நீ சொல்லு. தோட்டத்துக்குள் போக துரையிடம் அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று ஏற்பாட்டாளரிடம் கேள். ஆனால் துரையின் அனுமதி மலைக்குத்தான், முகத்துக்கு அந்த அம்மாவிடமேதான் கேட்க வேண்டும்.

முகம் வேண்டாம் என்றால் கையை எடுக்கலாமா என்று கேள். கட்டைவிரலின் உட்பக்கம் தேயிலைக் கறை ஏறிக் கறுத்திருக்கும், அதற்குள் வெடிப்பு, வெடிப்புக்குள்ளும் கறை. ஆயிரம் சிரிப்புப் படத்தை விட அந்த விரல் நிறையச் சொல்லும். வேகமாக ஓடுகிற கை, 500இல் ஒரு செக்கன் வை. கொழுந்து நிறுத்து முடித்து மடுவத்திலிருந்து கிளம்புகிற நேரம் பேசுவதற்கு நல்ல நேரம். இடுப்புப் படங்கை அவிழ்த்து உதறிக்கொண்டு, அவர்களே "எங்க புள்ள நீ" என்று கேட்பார்கள். அங்கிருந்து தொடங்கு.

பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள். ஏன் சொல்கிறேன் தெரியுமா? ஜூலியா மார்கரெட் கமரூன் என்று ஒரு பெரிய புகைப்படக்காரி. 48 வயதில், 1863 டிசம்பரில், மகளும் மருமகனும் கமெரா வாங்கிக் கொடுக்க, கோழிக்கூட்டை ஸ்டூடியோவாக்கித் தானே பழகியவர். 1875இல் புருஷனோடு இலங்கைக்கு வந்தார், அவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள். 1879இல் மலையகத்திலேயே செத்து, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கமானார். இங்கிலாந்தில் அவர் எடுத்த டெனிசனுக்கும் டார்வினுக்கும் பெயர் இருக்கிறது. இங்கே எடுத்த உழைப்பாளிகளுக்குப் பெயர் இல்லை, 'கூட்டம்', 'பெண்' என்று போய்விட்டது. தபால் அட்டைகளிலும் அப்படித்தான் வந்தோம். உன் நோட்டில் நம் சனம் பெயரோடு இருக்கட்டும்.

சாவு வீடு, மண்சரிவு முகாம், இங்கே கமெராவைப் பையிலேயே வை. 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மலை இறங்கியதற்குப் பிறகு எத்தனை கமெரா வந்தது என்று இங்கே எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. அழுகிறவர் முகத்தை எடுப்பது துணிச்சல் என்று யாராவது செயலமர்வில் சொன்னால் எழுந்து மறுத்துப் பேசு. திருவிழா வேறு. மாரியம்மன் தேர், மாசியில் காமன் கூத்து, இதற்கெல்லாம் கமெராவைத் தூக்கிக்கொண்டு ஓடு. காமன் கூத்தில் தீப்பந்த வெளிச்சம்தான், பிளாஷ் போட்டால் ஆடுகிறவர் கண் கூசும், படமும் செத்துவிடும். ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்று, பந்தம் முகத்துக்குப் பக்கத்தில் வருகிற நொடிக்குக் காத்திரு. ஆட்டம் நடுவில் ஓரிரு கணம் நிற்கும், அப்போது அழுத்து.

பையில் போட வேண்டியவை

முதலில் அட்டைக்கு மருந்து. சவர்க்காரக் கட்டியைக் காலிலும் சொக்ஸிலும் நன்றாகத் தேய், உப்பை ஒரு பொட்டலம் கட்டிக்கொள். மண்டியிட்டுப் படம் எடுப்பவளைத்தான் அட்டைக்கு ரொம்பப் பிடிக்கும். பவர் பேங்க், குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும், அதனால் உதிரிப் பற்றரியை உடம்போடு ஒட்டிய பையில் வை. பழைய பருத்திச் சேலைத் துண்டு, லென்ஸ் துடைக்க அதைவிட நல்லது கிடையாது, ஆனால் அதை வேறெதற்கும் பயன்படுத்தாதே. தடித்த பொலித்தீன் பை இரண்டு.

அந்தப் பை எதற்கு? குளிரிலிருந்து அடுப்பு எரிகிற காம்பராவுக்குள் கமெராவோடு நுழைந்தால் கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும், உள்ளேயும் வியர்க்கும். வெளியே நிற்கும்போதே பைக்குள் போட்டுக் கட்டி, வீட்டுக்குள் ஒரு மணித்தியாலம் வைத்துவிட்டு அவிழ். என்றைக்காவது கமெராவும் லென்ஸும் வாங்கினால் முதல் எதிரி கள்ளன் அல்ல, பூஞ்சணம். நம் லயத்து ஈரத்தில், பையிலேயே போட்டு அலுமாரியில் வைத்த லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரிப் படர்ந்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில், சப்பாத்துப் பெட்டியோடு வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அதற்குள் வை. தோல் உறையை மட்டும் உள்ளே வைக்காதே, ஈரம் பிடித்து வைத்திருக்கும்.

மழைக்காலத்தில் கிளம்புமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார். மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் போகாதே, சிவப்பு என்றால் வீட்டிலிருக்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறு. நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், தெளிந்த ஊற்று திடீரென்று கலங்கி வருவது, இதெல்லாம் கண்ணில் பட்டால் படம் எடுத்து முதலில் கிராம சேவகருக்கு அனுப்பு. இதல்கஸ்ஹின்னப் பக்கம் போனால் தண்டவாளத்தில் நின்று எடுக்காதே, பனிக்குள் ரயில் வருவது வளைவு வரைக்கும் தெரியாது. யாராவது ட்ரோன் கொண்டுவந்தால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி இருக்கிறதா என்று கேள்.

செயலமர்வு கிடைக்கவில்லை என்றால்

கொழும்புக்குப் போக வீட்டில் விட மாட்டார்கள், பண்டாரவளையில் ஒன்றும் நடக்கவில்லை, அப்படியும் ஆகும். அதற்காகச் சும்மா இருக்காதே. நாலு பேர் சேருங்கள். போயா நாளில் விடியுமுன் கிளம்பி, ஒரே ஒரு இடம், கோயிலடியோ பாலமோ, அங்கேயே இரண்டு மணித்தியாலம் நில்லுங்கள். ஆளுக்கு 36 படம், அதற்கு மேல் கிடையாது. சூம் பண்ணக் கூடாது, கால்தான் சூம். பிறகு யார் வீட்டிலாவது ரொட்டியும் சம்பலும் வைத்துக்கொண்டு ஆளுக்கு ஐந்து படம் காட்டுங்கள். படம் எடுத்தவள் வாய் திறக்கக் கூடாது, மற்ற மூன்று பேரும் முதலில் கண் எங்கே போகிறது, எது தொந்தரவு செய்கிறது என்று சொல்ல வேண்டும். "நல்லாருக்கு" என்ற சொல்லுக்கு அன்றைக்குத் தடை. கொஞ்சம் கோபம் வரும், வரட்டும். எனக்கும் வந்திருக்கிறது.

மாதக் கடைசியில் பத்துப் படத்தைத் தேர்ந்து டவுன் ஸ்டூடியோவில் நாலுக்கு ஆறு அளவில் பிரின்ட் போடுங்கள். போன் திரையில் அழகாக இருந்தது காகிதத்தில் இருட்டாக வரும், அதைப் பார்த்துத்தான் வெளிச்சம் பழகும். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி எடு. ஒன்று உன் பெட்டிக்கு, ஒன்று படத்தில் இருக்கிறவருக்கு. பின்பக்கம் பெயரும் திகதியும் பென்சிலில் எழுது, பேனா மை ஈரத்தில் ஊறி முன்னால் வந்துவிடும். பிரின்ட் கொடுக்கப் போனால் மதியச் சாப்பாடு சாப்பிடாமல் விட மாட்டார்கள். அதற்கும் நேரம் ஒதுக்கிக்கொண்டு போ.